லினக்ஸ் ஓசிதான்.. மாறுவது ஓசி இல்லை!

உபுண்டு சீடியைத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2005-ல் ஆரம்பித்த ஷிப்-இட் திட்டம் அது. இணையத்தில் முகவரியைக் கொடுத்தால் போதும், சில வாரங்களில் அழகான அட்டை உறைக்குள் சீடி வீடு தேடி வரும். தபால் செலவும் அவர்களுடையதுதான். 2011 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். மென்பொருளும் ஓசி, சீடியும் ஓசி, தபாலும் ஓசி. அப்படியும் தமிழ்நாட்டு மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸை விட்டு நகரவில்லை. இன்றும் அதே கதைதான்.

ஏன் என்று லினக்ஸ் அன்பர்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "மக்கள் சோம்பேறிங்க." "புதுசா ஒண்ணு கத்துக்க மாட்டாங்க." "திருட்டு விண்டோஸ் கிடைக்கறப்ப லினக்ஸை யார் சீண்டுவா?" கொஞ்சம் சூடானவர்கள் என்றால் அடிமைப் புத்தி என்பது வரைக்கும் போவார்கள். இத்தனை வசவுக்கு நடுவிலும், அந்த மக்கள் கணினியை வைத்துக்கொண்டு என்ன வேலை பார்க்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் வருவதே இல்லை.

காமர்ஸ் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம். பொருளின் விலை வேறு, இருப்பதை விட்டு அதற்கு மாறுவதற்கு ஆகும் செலவு வேறு. லினக்ஸின் விலை பூஜ்யம், சந்தேகமே இல்லை. மாறும் செலவு பூஜ்யம் கிடையாது. அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட "மாறு" என்று உபதேசம் செய்பவர் பையிலிருந்து போவதில்லை. முழுக்க முழுக்க மாறுபவர் தலையில்தான்.

சும்மா பொத்தாம் பொதுவாகப் பேச வேண்டாம். ஏதாவது ஒரு ஊரின் கடைத்தெருவில், மாடியில் ஒரு சின்ன அறையில் நடக்கும் கணக்கு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். வரி ஆலோசகர் ஒருவர், கணக்கு எழுத இரண்டு பெண்கள், மூன்று கணினி, ஒரு பிரிண்டர். பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை, இரும்புக்கடை, மருந்துக்கடைக் கணக்கெல்லாம் இங்கேதான். அந்த அலுவலகத்தின் உயிர்நாடி டேலி. 1986-ல் பெங்களூரில் ஆரம்பித்த நிறுவனத்தின் மென்பொருள், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. அந்தப் பெண்களின் விரலுக்கு எஃப்5 என்றால் பேமென்ட், எஃப்6 என்றால் ரிசீப்ட், எஃப்8 என்றால் சேல்ஸ். கீபோர்டைப் பார்க்காமலேயே ஒரு நாளைக்கு ஒரு கட்டு பில்லைப் போட்டுத் தள்ளுவார்கள். அந்த வேகம்தான் அவர்களுடைய சம்பளம். வேலைக்கு ஆள் தேவை விளம்பரங்களில் "டேலி தெரிந்திருக்க வேண்டும்" என்றுதான் போடுகிறார்கள், "கணக்கியல் மென்பொருள் ஏதாவது ஒன்று" என்று யாரும் போடுவதில்லை.

மாற்று இல்லையா? இருக்கிறது. குனுகேஷ் உண்டு, இந்தியாவிலேயே உருவான குனுகாத்தாவும் உண்டு. நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் ஆடிட்டர் டேலி பேக்கப் கேட்கிறார். ஜவுளிக்கடை முதலாளி பென்டிரைவில் டேலி டேட்டாவைத்தான் கொண்டுவந்து நீட்டுகிறார். இந்த அலுவலகம் மட்டும் தனியாக மாறினால், அக்கம்பக்கம் எல்லோரும் தமிழ் பேசும் தெருவில் ஒருவர் மட்டும் லத்தீனில் பேசுகிற கதையாகிவிடும்.

"வைன்ல போட்டு ஓட்டலாமே, இல்லைன்னா வர்ச்சுவல் மெஷின்ல விண்டோஸ் போட்டுக்கலாமே" என்று உடனே ஒரு குரல் வரும். லினக்ஸுக்குள்ளே மறுபடியும் விண்டோஸைப் போட்டு, அதற்குள் டேலியை ஓட்டுவதென்றால் எதிலிருந்து எதற்கு மாறியதாகக் கணக்கு? :) வைனில் ஓடும், ஒருநாள் ஓடாது. ஓடாத நாளில் டேலி சப்போர்ட்டுக்குப் போன் போட்டு "வைன்ல ஓட்டறோம்" என்று சொல்லிப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது வரித் தாக்கல். வருமான வரித் துறையின் தளத்தில் உலாவி வழியாகவே தாக்கல் செய்யலாம், அதற்கு லினக்ஸ் போதும். ஆனால் துறை தரும் எக்செல் கோப்பை இறக்கி, ஆற அமர நிரப்பி ஏற்றுகிறவர்கள்தான் இந்த மாதிரி அலுவலகங்களில் அதிகம். அந்தக் கோப்பு நிறைய மேக்ரோ, எல்லாம் மைக்ரோசாஃப்ட் எக்செலை நம்பி எழுதியவை. லிப்ரெ ஆபீஸில் திறந்தால் பாதி பொத்தான் வேலை செய்யாது. பிறகு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என்று யு.எஸ்.பி.யில் செருகும் குச்சி ஒன்று. சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. அது உலாவியோடு பேச மறுக்கும் நேரம்தான் முக்கியம்.

ஏனென்றால் இந்த அலுவலகத்துக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தக் காலண்டர் இன்னும் இறுகிவிட்டது. மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதிக்குள் 3-பி. 3-பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் அபராதம், வியாபாரமே இல்லாத மாதத்துக்குக்கூட நாளைக்கு 20 ரூபாய். வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி தனி. பணத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஜவுளிக்கடையின் ஜி.எஸ்.டி.ஆர்-1 நேரத்துக்குப் போகவில்லை என்றால், அந்தக் கடையில் சரக்கெடுத்தவருக்கு 2-பி-யில் உள்ளீட்டு வரி வரவு காட்டாது. அவர் ஜவுளிக்கடையைத் திட்டுவார், ஜவுளிக்கடை வரி ஆலோசகரைத் திட்டும், அடுத்த மாதம் கணக்கு வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். 20-ம் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு டோக்கன் வேலை செய்யவில்லை என்றால், "மேன் பக்கத்தைப் படிங்க" என்கிற பதில் அந்த மனிதருக்கு எதற்கு ஆகும்?

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் ஒரு மார்ச் மாதம் அங்கே வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

கீழே இறங்கினால் டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், கோயில் கொடை விளம்பரம். கடைக்காரர் வைத்திருக்கும் கோப்புகள் பதினைந்து இருபது வருடத்துச் சொத்து. பல பேஜ்மேக்கர் கோப்புகள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பே 2001-ல் வந்தது. எழுத்துரு பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு குறியீட்டு முறை. யூனிகோடைத் தரப்படுத்தி 2010-ல் அரசு ஆணையே போட்டது, ஆனாலும் பழைய கோப்பு தானாக யூனிகோடாக மாறிவிடாதே. "போன வருஷம் அடிச்ச அதே நோட்டீஸ்தான்ணே, தேதியை மட்டும் மாத்திக் குடுங்க" என்று வாடிக்கையாளர் வந்து நிற்பார். விண்டோஸில் அது ஐந்து நிமிட வேலை.

லினக்ஸில் பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. வெகுகாலம் அதன் நிலையான பதிப்பில் தமிழ் எழுத்து சரியாகச் சேராது. "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். சோதனைப் பதிப்புகளில் முன்பே சரியானது என்றாலும், தமிழை ஒழுங்காகக் கோக்கும் நிலையான 1.6 பதிப்பு 2024-ல்தான் வந்தது. அதுவரை அந்தக் கடைக்காரரிடம் போய் "மாறுங்க" என்றவர்கள், தமிழே எழுத வராத கருவியைத் தமிழ்ப் பத்திரிகை அடிக்கிறவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். கோரல்டிராவுக்கு 2000-ல் ஒரு லினக்ஸ் பதிப்பு வந்து, அப்படியே கைவிடப்பட்டதும் நடந்தது. அன்றைக்கு நம்பி மாறியவர் என்ன ஆகியிருப்பார்?

பிரிண்டர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டுச் சிறு அலுவலகங்களில் கோயில் சிலை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும் கேனான் எல்.பி.பி. 2900-க்கு லினக்ஸ் டிரைவர் உண்டுதான். அதை நிறுவப் பட்ட பாட்டைப் பட்டவர்கள் எழுதி வைத்தது இணையம் முழுக்கக் கிடக்கிறது. விண்டோஸில் ஏதாவது ஆனால் சர்வீஸ் தம்பி சாயங்காலம் பைக்கில் வருவார், சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சரிசெய்துவிட்டுப் போவார். ரிச்சி தெருவில் தொடங்கி தாலுகா டவுன் வரைக்கும் அப்படி ஒரு படையே இருக்கிறது. லினக்ஸுக்கு அந்தத் தம்பி எங்கே? மென்பொருளைச் சுற்றி இருக்கும் ஆட்களும் சேர்ந்ததுதான் மென்பொருள்.

மக்களுக்கு லினக்ஸ் மேல் வெறுப்பு என்றால் ஆண்ட்ராய்டு இங்கே இப்படி ஓடியிருக்காது. அதன் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். அந்த ஜவுளிக்கடை முதலாளி, கணக்கு எழுதும் பெண்கள், பூக்கார அம்மா, எல்லோரும் ஏற்கெனவே லினக்ஸ் பயனர்கள். யாரும் அவர்களுக்கு விடுதலை பற்றிப் பாடம் எடுக்கவில்லை. கடையில் வாங்கும்போதே உள்ளே இருந்தது, வேண்டிய செயலி எல்லாம் ஓடியது, கெட்டுப்போனால் தெருமுனையில் ரிப்பேர் கடை இருந்தது. மாறும் செலவே இல்லாததால் மாறினார்கள். சோம்பேறிகள் என்று இதையும் சொல்வார்களோ என்னவோ!

மறுபக்கம், இரண்டு இயக்குதளமும் கையில் கிடைத்த இடத்தில் என்ன நடந்தது? 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த மடிக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கல்லூரிப் பாடத்தில் எக்செல், ஆய்வகத்தில் விண்டோஸ், நண்பர்கள் கொடுக்கும் விளையாட்டுகள் எல்லாம் விண்டோஸுக்கு. இதில் பையன் எதைத் திறப்பான் என்பதற்கு ஜோசியம் வேண்டாம்.

கேரளாவில் நடந்தது வேறு. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் பள்ளிப் பாடப்புத்தகம், செய்முறைத் தேர்வு, ஆசிரியர் பயிற்சி என்று எல்லாவற்றையும் சேர்த்து லினக்ஸுக்கு நகர்த்தினார்கள். நின்றுவிட்டது. இங்கேயும் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. மாறும் செலவை ஏற்க ஒரு நிறுவனம் இருந்தது, அதனால் முடிந்தது. அப்படி ஏற்றும் சறுக்கிய கதை ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி. 2003-ல் முடிவெடுத்து, 2013 வரை உழைத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றினார்கள். 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவதென்று நகர மன்றம் ஓட்டுப் போட்டது. அதில் அரசியல் நிறைய உண்டு. ஆனால் சொந்தமாகத் தொழில்நுட்பக் குழு வைத்திருந்த நகராட்சிக்கே அந்தப் பாடு என்றால், மூன்று கணினி அலுவலகத்தைப் பார்த்துக் கைநீட்டுவதில் என்ன நியாயம்?

"எல்லாரும் இப்படியே சொல்லிட்டிருந்தா ஒரே கம்பெனியோட வலைக்குள்ளதான் கிடக்கணும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் வலையைப் பின்னியது கடைக்காரரா? அரசுத் துறை ஏன் ஒரு தனியார் மென்பொருளை நம்பிய மேக்ரோ கோப்பைக் குடிமக்களுக்குக் கொடுக்கிறது என்று துறையைக் கேட்க வேண்டும். பி.காம். பாடத்தில் ஒரே ஒரு நிறுவனத்தின் மென்பொருள் பெயரைப் போட்டுத் தாள் வைப்பது ஏன் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டும். அங்கே கேட்டால் மனு எழுத வேண்டும், அலைய வேண்டும், பதில் வராது. கடைக்காரரைத் திட்டுவது சுலபம், உடனே செய்யலாம்!

லினக்ஸ்காரர்களிடம் இருக்கும் பலமான வாதம் பாதுகாப்புதான். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது, டி.பி.எம். 2.0 வேண்டும், புதிய பிராசசர் வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் வங்கிக் கடவுச்சொல்லும் கையொப்ப டோக்கனும் புழங்குவது நல்லதில்லை. இதை அந்த வரி ஆலோசகரிடம் பொறுமையாகச் சொன்னால் கேட்பார். அடிமை என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

டேலி ஓடும் கணினிக்கு அவர் எப்படியும் பணம் புரட்டிப் புதுசு வாங்குவார், வேறு வழியில்லை. கழித்துவிடும் பழைய கணினி ஒன்று மிஞ்சும். மின்னஞ்சல் பார்க்க, பான் விண்ணப்பம் நிரப்ப, பிள்ளைகள் பாட்டுக் கேட்க அது போதும். அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்து, அந்தப் பிரிண்டரையும் ஓட வைத்து, ஏதாவது ஆனால் கூப்பிட ஒரு போன் நம்பரையும் சுவரில் எழுதிவிட்டுப் போகட்டும் லினக்ஸ் அன்பர்கள். 20-ம் தேதி கழித்து வந்தால் டீயும் கிடைக்கும்.