கல்லுக்குக் காவல், மனிதனுக்கு?

அழகிய வீடொன்றின் படத்தை நம் முன் நீட்டுகின்றார்கள். நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதி. மரநிழல் படிந்த தெரு. கபில நிறக் கல்லாலான நான்கு மாடி முகப்பு. தெருவிலிருந்து வாயிலுக்கு ஏறும் உயர்ந்த படிக்கட்டு. பழமை மீட்டெடுக்கப்பட்டது என்று பெருமை பேசுகின்றார்கள். பழமையைப் பேணுவது பண்பாட்டுப் பணியல்லவா என்று நம் நண்பர் சிலரும் கேட்கின்றனர். பணிதான். ஆனால் யாரிடமிருந்து மீட்டார்கள்? யாருக்காக மீட்டார்கள்? இவ்விரு வினாக்களையும் எழுப்பாது அழகை மட்டும் வியந்து நிற்பது நமக்கு உடன்பாடன்று.

கல்லிலிருந்தே தொடங்குவோம். கனெற்றிக்கட் மாநிலத்துப் போட்லண்டில் பெருமளவில் வெட்டியெடுக்கப்பட்ட மணற்கல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வசதி படைத்தோர் அதனை விரும்பினர். வீடு முழுவதும் கல்லன்று. செங்கற் சுவரின் முகத்திற் பதித்த சில அங்குலத் தகடு மட்டுமே. மழையிலும் பனியிலும் அது படைபடையாக உரியும். இன்று 'பழைய முகப்பு' என நாம் வியப்பவற்றுட் பல நிறமூட்டிய சீமெந்துப் பூச்சே. மெல்லிய முகத்தின் பின்னால் வேறொன்று இருப்பது இவ்வீடுகளின் கட்டுமானத்தில் மட்டுமன்று, வரலாற்றிலும் உண்மை.

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களைத் தரம் பிரித்து வரைபடங்கள் தயாரித்தது. கறுப்பின மக்கள் குடியேறிவந்த பெட்போட்-ஸ்டைவசன்ட் வட்டாரத்திற்குச் சிவப்பு நிறம் தீட்டப்பட்டது. அந்நிறம் விழுந்த தெருக்களுக்கு அடமானக் கடன் அரிதாயிற்று. அவ்விருண்ட காலத்தில் அவ்வீடுகளை விழாது தாங்கியவர் யார்? பிறர் வீடு துடைத்தும், தொழிற்சாலையில் உழைத்தும், அறைகளை வாடகைக்கு விட்டும் காசு சேர்த்த மக்களே. பார்படோசிலிருந்து வந்த குடும்பமொன்று இத்தகைய வீட்டை வாங்கத் துடிப்பதைப் போல் மார்ஷல் 1959இல் வெளியிட்ட தம் நாவலிற் சித்திரித்தார். 1967இல் அங்கு தோன்றிய மறுசீரமைப்புக் கழகம் வேலையற்ற உள்ளூர் இளைஞரைக் கொண்டே முகப்புகளைப் பழுதுபார்த்தது. ஆகவே, பணக்காரர் வந்து கண்டெடுக்கும்வரை அவை பாழ்மனைகளாய்க் கிடந்தன என்பது பொய்.

'ஒற்றைக் குடும்ப இல்லமாக மீண்டும் மாற்றப்பட்டது' என்ற விற்பனைச் சொற்றொடரையும் கவனியுங்கள். பொருளாதார நெருக்கடிக் காலத்திலும் அதன் பின்னரும் இவ்வீடுகளிற் பல, சிறு குடித்தனங்களாகப் பிரிந்து நின்றன. ஒரு குடும்பத்திற்கு மீளக் கிடைத்ததென்றால், பல குடும்பங்கள் வெளியேறின என்பதே அதன் பொருள். ஏழையர் வட்டாரத்தில் வசதியுள்ளோர் புகுந்து பழைய குடிகளை அகற்றும் இப்போக்கிற்கு, லண்டனை ஆராய்ந்த ரூத் கிளாஸ் 1964இலேயே பெயரிட்டுவிட்டார். பெட்போட்-ஸ்டைவசன்டில் 2010க்கும் 2020க்கும் இடையில் மட்டும் கறுப்பின மக்கள் தொகை 20,000க்கு மேல் குறைந்தது.

பாதுகாப்பாளர் இல்லையேல் இடிக்கும் இயந்திரங்கள் இவ்வீடுகளை விழுங்கியிருக்கும் என்பர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. 1963இல் பென்சில்வேனியா இரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியதால் எழுந்த கண்டனமே 1965ஆம் ஆண்டின் மரபுச் சின்னச் சட்டத்திற்கு வலுவூட்டியது. அவ்வாண்டே புரூக்ளின் ஹைற்ஸ் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாயிற்று. நாம் அச்சட்டத்தின் பகைவரல்லர். அது பாதியிலே நின்றுவிட்டது என்பதே நம் குற்றச்சாட்டு. அத்தகைய வட்டாரத்தில் முகப்பின் சாளரத்தை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். உள்ளிருக்கும் குடித்தனக்காரரை மாற்ற அச்சட்டத்தின் அனுமதி எதற்கு? நகரின் வாடகைக் கட்டுப்பாடோ, பொதுவாக ஆறும் அதற்கு மேலும் குடித்தனங்கள் கொண்ட கட்டடங்களுக்கே உரியது. இச்சிறு வீடுகளிற் பெரும்பாலானவை அதற்குள் அடங்கா. வீட்டுக்குச் சொந்தக்காரரான முதியோரும் தப்பவில்லை. ஏமாற்றி உறுதி எழுதி வாங்குவோரை அடக்க, 2024இல் அம்மாநிலம் உறுதித் திருட்டைத் தனிக் குற்றமாக்கவேண்டி வந்தது.

கல்லைக் காக்கச் சட்டம் இயற்றத் தெரிந்த சமுதாயத்திற்கு மனிதரைக் காக்கவும் தெரியும். தெரியாதது போல் நடிப்பது இலாபம். வாடகைப் பாதுகாப்பைச் சிறு வீடுகளுக்கும் விரிக்கும்வரை அங்கே மரபு என்பது விலையேற்றும் ஒரு சொல் மட்டுமே. மாணவ நண்பர்களே, அடுத்த முறை அவ்வழகிய படத்தைக் காணும்போது படிக்கட்டை மட்டும் பார்க்காதீர்கள். அதன் வழியே மூட்டை முடிச்சுகளுடன் இறங்கிச் சென்றவர்களையும் நினைந்து பாருங்கள்.