கைப்பேசி இணைப்பிலும் இயங்கும் ஆய்வகம்

1980களின் பிற்பகுதியில், எர்நெட் திட்டத்தின்கீழ், மும்பை ஜுஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பவாய் ஐஐடியும் சாதாரணத் தொலைபேசி இணைப்பின் வழியே மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டன. கிடைத்த இணைப்புக்கு ஏற்ப வலையமைப்பை வகுத்த அந்த அணுகுமுறை, இன்றைய ஆய்வகக் கையேடுகள் பலவற்றில் காணப்படவில்லை.

மெய்நிகர் கணினிகளை வலையில் இணைக்கும் பயிற்சிக்கு அவை 'பிரிட்ஜ்' முறையையே முதலில் பரிந்துரைக்கின்றன. கம்பிவழி இணைப்பும் சுவிட்சும் உள்ள கல்லூரி ஆய்வகத்தில் அது தடையின்றி இயங்கும். மாட்டுங்காவில் படித்துவிட்டு, அருகிலுள்ள தாராவியின் ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பும் மாணவர் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டையே நம்பியிருக்கக்கூடும். வைஃபையில், இணைப்புப் பெற்ற மடிக்கணினியின் மேக் முகவரியிலிருந்து வரும் தரவையே ஹாட்ஸ்பாட் ஏற்கும். மெய்நிகர் கணினியின் வேறு முகவரியைப் பெரும்பாலும் புறக்கணித்துவிடும். பயிற்சி தோற்பது மாணவரின் பிழையால் அன்று. ஆயினும் மதிப்பெண்ணை இழப்பவர் அவரே.

இதற்கு மாற்று செலவில்லாதது. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் இரண்டு வலையட்டைகளை அமைக்கலாம்: இணையத்திலிருந்து மென்பொருளைத் தரவிறக்க 'நாட்', கணினிகள் தமக்குள் தொடர்புகொள்ள 'ஹோஸ்ட்-ஒன்லி'. வர்ச்சுவல்பாக்ஸில் பின்னதன் முகவரிகள் வழக்கமாக 192.168.56 எனத் தொடங்கும். இணையம் துண்டிக்கப்பட்டாலும் இந்த உள்வலை அறாது. முகவரி வழங்கல், வழிச்செலுத்தல், தீயரண் ஆகிய மூன்றையும் ஒரே மடிக்கணினிக்குள் கற்கலாம்.

பாடத்திட்டக் குழுக்கள் இம்முறையை முதற்பயிற்சியாக்க வேண்டும். 'பிரிட்ஜ்' பின்னர் வரலாம். வீட்டில் செய்துபார்க்க இயலாத பயிற்சி, மாணவரின் அறிவைவிட அவர் வீட்டின் வசதியையே அளக்கிறது.