ஐம்பதில் திறக்கும் கதவு: அரசுப் பணியும் அமெரிக்கத் தமிழரும்

"கால் காசு என்றாலும் கவர்ன்மென்ட் காசு" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் இன்று அமெரிக்காவில் ஐம்பதைத் தொட்டு நிற்கும் தமிழர்கள். தாயகத்தில் அரசு வேலை ஒரு குடும்பத்தின் நிலைபேறாகவே கருதப்பட்டது. கடல் கடந்து வந்த பின்னர் அந்தச் சொல் மறந்து போயிற்று. கணினி நிறுவனங்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் நல்ல ஊதியம் தந்தன. அரசு அலுவலகம் என்றொரு பணியிடம் இந்நாட்டிலும் உண்டு என்பதை எண்ணிப் பார்க்க எவருக்கும் தேவை எழவில்லை. ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வரும் நாளில்தான் அந்தப் பழைய சொல் மீண்டும் நினைவுக்கு வருகிறது. அப்போது வயது ஐம்பதைக் கடந்துவிடுகிறது.

டாலசுக்கு வடக்கே, காலின் மாவட்டத்தில் அமைந்துள்ள ஆலன் நகரம் இதற்கு நல்ல சான்று. 2020 கணக்கெடுப்பின்படி அங்கு ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகமானோர் வாழ்கின்றனர். அருகிலுள்ள ரிச்சர்ட்சன், பிளேனோ நகரங்களின் தொலைத்தொடர்பு, மென்பொருள் நிறுவனங்களை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கு ஏராளம். 2001-இல் தொலைத்தொடர்புத் துறை சரிந்தது. 2009 ஜனவரியில் நார்டெல் நிறுவனம் திவாலாயிற்று. 2022-லும் 2023-லும் தொழில்நுட்ப நிறுவனங்கள் மீண்டும் பெருமளவில் ஆட்களைக் குறைத்தன. முதல் சரிவின்போது முப்பது வயதில் இருந்தவர் எழுந்து நடந்தார். இப்போதைய சரிவில் அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். பிள்ளைகள் கல்லூரி வாசலில் நிற்கின்றனர். தாயகத்தில் பெற்றோர் மருத்துவச் செலவுக்குக் கையை எதிர்பார்க்கின்றனர். 65 வயதில் கிடைக்கும் மெடிகேர் காப்பீட்டுக்கு இன்னும் பல ஆண்டுகள் உள்ளன. எனவே அவர் அரசுப் பணியை நாடுகிறார். அங்கே அவர் சந்திக்கும் ஏமாற்றங்கள் தனிமனிதரின் குறைபாட்டால் விளைந்தவை அல்ல என்பதே இங்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

வரிசையில் கரைந்த வயது

அமெரிக்க நடுவண் அரசின் போட்டிமுறைப் பணிகளுக்குக் குடியுரிமை அவசியம். சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த சீனக் குடியேறிகள் தொடுத்த வழக்கில், குடியுரிமை அற்றோரை அடியோடு விலக்கிய குடிமைப் பணி ஆணையத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 1976-இல் தள்ளுபடி செய்தது. ஆனால் அதே ஆண்டில் அதிபர் ஃபோர்டு வெளியிட்ட ஆணை அந்தத் தடையை மீண்டும் நிலைநாட்டிவிட்டது. இன்றுவரை அதுவே நடைமுறை. விதிவிலக்குகள் மிகச் சில.

தன் மக்களுக்கே முதலிடம் என ஒரு நாடு கருதுவதில் வியப்பில்லை. ஆயினும் அந்த விதி, குடியேற்ற வரிசையோடு சேரும்போது என்ன விளைகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வேலைவாய்ப்பு வழியான நிரந்தர வதிவுரிமையில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இடமில்லை. இதனால் இந்தியாவில் பிறந்தோரின் வரிசை பத்தாண்டுகளுக்கும் மேலாக நீள்கிறது. 2012-இன் தொடக்கத்தில் இரண்டாம் பிரிவில் வரிசையில் நின்ற ஒருவருக்கு 2024-இல் பச்சை அட்டை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 2005-இல் 28 வயதில் இந்நாட்டுக்கு வந்திருந்தால், அட்டை கையில் கிடைத்தபோது அவருக்கு வயது 47. அதன்பின் ஐந்தாண்டுகள் கழித்தே குடியுரிமை. அதாவது 2029-இல், 52-ஆம் வயதில்தான் அவர் ஒரு நடுவண் அரசுப் பணிக்கு முதன்முதலாக விண்ணப்பிக்கும் தகுதியைப் பெறுகிறார். இருபத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்து, வரி செலுத்திய பின்னரும் அவர் வாசலில் நிற்கும் புதியவரே.

ஆகவே "இவ்வளவு காலம் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்போருக்கு விடை எளிது: காத்துக்கொண்டிருந்தார். அவர் காலந்தாழ்த்தி வந்தவர் அல்லர், காலந்தாழ்த்தி அனுமதிக்கப்பட்டவர்.

ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தோரின் நிலை சற்று வேறு. அவர்களுக்குக் குடியுரிமை விரைவில் கிட்டியது. ஆனால் போரிலும் இடப்பெயர்விலும் கல்விச் சான்றிதழ்களை இழந்தவர், தம் பட்டத்தை மெய்ப்பிக்கவே பெரும்பாடு படவேண்டியிருந்தது. ஒருவருக்குத் தாளிருந்தும் காலமில்லை. மற்றவருக்குக் காலமிருந்தும் தாளில்லை.

விண்ணப்பம் எனும் புதிர்

தகுதி வந்த பின்னரும் தொல்லை தீர்வதில்லை. தனியார் நிறுவனத்துக்கு எழுதும் தன்விவரக் குறிப்பு அரசுக்கு உதவாது. ஒவ்வொரு பணியிலும் எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் விலகினார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பவை இடம்பெற வேண்டும். கோரப்படும் ஊதியப் படிநிலைக்கு அடுத்த கீழ்ப்படிக்கு நிகரான ஓராண்டுச் சிறப்பு அனுபவத்தை, பணி அறிவிப்பில் உள்ள சொற்களிலேயே காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தைக் கல்வித் தகுதியாகக் காட்டுவோர், அதை மதிப்பிட்டுத் தரும் அமைப்பின் சான்றையும் இணைத்தாக வேண்டும். பக்கம் பக்கமாக எழுதலாம் என்றிருந்த வழக்கமும் 2025-இல் மாறி, இரண்டு பக்கங்களுக்குள் அனைத்தையும் அடக்க வேண்டும் என்றாயிற்று. முப்பதாண்டு அனுபவத்தை இரண்டு பக்கத்தில் சுருக்குவது இளைஞருக்கு எளிது. மூத்தவருக்கு அது தம் வாழ்வில் பாதியை வெட்டி எறிவதற்கு ஒப்பாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நெடுங்காலம் நிலவிய தன்மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு. "இத்திறனில் நீங்கள் எந்நிலையில் உள்ளீர்கள்?" என்ற வினாவுக்கு "வல்லுநர்" என்று தாமே குறித்தவர் மேலே சென்றார், "ஓரளவு பயிற்சி உண்டு" என்று உண்மையைச் சொன்னவர் முதற்சல்லடையிலேயே விழுந்தார். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று கற்பிக்கப்பட்ட சமூகத்துக்கு இதைவிடப் பொருந்தாத தேர்வு வேறில்லை. 2024 டிசம்பரில் சட்டமான ஒரு சீர்திருத்தம், தன்மதிப்பீட்டைக் குறைத்துத் திறனைச் சோதித்தே தேர்ந்தெடுக்கும்படி துறைகளைப் பணிக்கிறது. இது வரவேற்கத்தக்கது. அது நடைமுறையில் எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பதைக் கண்காணிப்பது தமிழ் அமைப்புகளின் கடமை.

பின்னர் வருவது காத்திருப்பு. ஒரு பணியிடத்தை 80 நாட்களில் நிரப்புவதே அரசு தனக்கு வகுத்துக்கொண்ட இலக்கு. நடப்பில் அதற்கும் மேலாகிறது. பாதுகாப்பு ஒப்புதல் தேவைப்படும் பணியானால் ஏழாண்டுக் காலத்து வெளிநாட்டுப் பயணங்கள், தாயகத்தில் உள்ள உறவுகள், அங்குள்ள நிலம், வீடு ஆகிய அனைத்தையும் எழுதித் தர வேண்டும். ஊரில் தாத்தாவின் காணியில் ஒரு பங்கு இருப்பதுகூட ஒரு வினாவுக்குரிய செய்தியாகிறது. அதை மறைப்பது பெருங்குற்றம். வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பு.

சட்டம் தருவதும் தராததும்

நாற்பது வயதைக் கடந்தோரை வயது காரணமாக ஒதுக்குவதை 1967-ஆம் ஆண்டின் வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் தடுக்கிறது. 1974-இல் அது அரசுப் பணிகளுக்கும் விரிந்தது. 2020-இல் பாப் எதிர் வில்கி வழக்கில், நடுவண் அரசின் பணி முடிவுகளில் வயதுப் பாகுபாடு சிறிதும் கலந்திருக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் கூறியது. நகராட்சிகளும் சிற்றூர் அமைப்புகளும், எவ்வளவு சிறியவை ஆயினும், இச்சட்டத்துக்கு உட்பட்டவை என்பதை 2018-இல் வந்த தீர்ப்பு உறுதி செய்தது. ஆனால் மாநில அரசின் மீது இச்சட்டத்தின் கீழ்த் தனிநபர் இழப்பீட்டு வழக்குத் தொடர முடியாது என்று 2000-இல் கிமெல் வழக்கில் தீர்ப்பாயிற்று. டெக்சசில் மாநிலத் தொழிலாளர் சட்டமே அந்த இடைவெளியை நிரப்புகிறது.

உரிமை உண்டு, ஆனால் அதற்குக் காலவரை உண்டு. நடுவண் அரசுப் பணிக்கு விண்ணப்பித்தவர் 45 நாட்களுக்குள் அத்துறையின் சமவாய்ப்பு ஆலோசகரை அணுக வேண்டும். டெக்சஸ் சட்டத்தின் கீழ் முறையிட 180 நாட்கள் உள்ளன. "விதி" என்று பெருமூச்செறிந்து ஆறு மாதம் கழித்து நண்பரிடம் சொல்லி அழுவதால், உரிமை இருந்தும் இழக்கப்படுகிறது.

சட்டமே விதித்த வயது வரம்புகளும் உள்ளன. வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்குப் பொதுவாக 31 வயதுக்குள்ளும், எஃப்.பி.ஐ. போன்ற அமைப்புகளின் புலனாய்வுப் பணிகளுக்கு 37 வயதுக்குள்ளும் சேர்ந்தாக வேண்டும். குடியேற்ற வரிசையில் நிற்கும் முதல் தலைமுறைக்கு இக்கதவுகள் என்றுமே திறந்திருக்கவில்லை.

அரசு வேலை அசையாதது என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. 2025 ஜனவரி 20 அன்று நடுவண் அரசின் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே, தகுதிகாண் பருவத்தில் இருந்த ஆயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டனர். கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே அனுப்பப்பட்டார். ஐம்பது வயதில் பணியேற்றவரும் அந்தப் பட்டியலில் புதியவரே என்பதை மறக்கலாகாது.

அருகிலிருக்கும் கதவுகள்

அப்படியானால் முயற்சியே வீணா? இல்லை. எல்லோரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்பதே தவறு. மாநில, மாவட்ட, நகராட்சிப் பணிகளில் பெரும்பாலானவற்றுக்குக் குடியுரிமை தேவையில்லை. நிரந்தர வதிவுரிமை போதும். குடியுரிமை அற்றோரை மாநிலப் பணிகளிலிருந்து ஒட்டுமொத்தமாக விலக்குவது செல்லாது என்று 1973-லேயே தீர்ப்பு உண்டு. காவல்துறை போன்ற சில பணிகளே விலக்கு. ஆலன் நகராட்சி, மெக்கின்னியில் இயங்கும் மாவட்ட நிர்வாகம், வைலியில் உள்ள வட டெக்சஸ் நகராட்சி நீர் மாவட்டம், 2020-இல் ஆலனில் தொழில்நுட்ப வளாகம் திறந்த காலின் கல்லூரி ஆகியவை அனைத்தும் கணினி, கணக்கு, பொறியியல் அறிந்தோரை அமர்த்துபவையே. நியூ ஜெர்சியில் வாழ்வோர், அங்குப் பொதுப்பணியாளர் அம்மாநிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். விரிகுடாப் பகுதியினர், கலிபோர்னிய மாநிலப் பணிகளில் பலவற்றுக்கு முதலில் தேர்வெழுதித் தகுதிப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பதை உணர வேண்டும்.

"இந்த வயதில் சேர்ந்து என்ன பயன்?" என்ற கேள்விக்கும் கணக்கே விடை சொல்லும். நடுவண் அரசில் 52 வயதில் சேர்ந்து 62-இல் ஓய்வு பெறுபவருக்கு, ஆண்டுக்கு ஒரு விழுக்காடு என்ற முறையில், உயர்ந்த மூன்றாண்டு ஊதியச் சராசரியின் பத்து விழுக்காடு ஓய்வூதியமாகக் கிடைக்கும். ஓய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுகள் தொடர்ந்து அரசுக் காப்பீட்டில் இருந்தவர், அதை ஓய்வுக்குப் பின்னும் தொடரலாம். பொறியாளராக இருந்து ஆசிரியராக மாற விழைவோருக்கு மற்றொரு நற்செய்தி. டெக்சசின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேராதவை. ஆதலால் ஆசிரியர் ஓய்வூதியம் பெறுவோரின் முந்தைய தனியார் பணிக்குரிய சமூகப் பாதுகாப்புத் தொகை நெடுங்காலம் குறைக்கப்பட்டு வந்தது. 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் அந்த வெட்டை நீக்கிவிட்டது. இதை அறியாமல், பழைய அச்சத்தால் ஆசிரியப் பணியைத் தவிர்ப்போர் இன்றும் இருக்கக்கூடும்.

இளையோருக்கும் பெற்றோருக்கும்

இங்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வரிசை இல்லை. பெற்றோர் 52 வயதில் அடையும் தகுதி அவர்களுக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. ஆயினும் "மென்பொருள், மருத்துவம், அதற்கு மேல் எதுவும் இல்லை" என்று வீட்டில் ஓதப்படுவதால், நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம், காப்புரிமை ஆய்வு, வான்வழிக் கட்டுப்பாடு போன்ற துறைகளை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வரி கட்டும் சமூகமாக மட்டும் இருந்துகொண்டு, அலுவலகத்தில் ஒரு குரலும் இல்லாமல் வாழ்வது எத்தகைய நிலை என்பதைத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இளையோர் தம் பெற்றோருக்கு இன்றே செய்யக்கூடிய உதவியும் உண்டு. தன்விவரக் குறிப்பை அரசின் சொற்களில் மாற்றி எழுதுவது, பணி அறிவிப்புகளைத் தேடித் தருவது, நேர்காணலுக்குப் பழக்குவது ஆகியவை அவர்களுக்குக் கைவந்த கலை. தந்தை வேலையிழந்ததை அயலாருக்குத் தெரியாமல் மறைக்கும் வீட்டில் இந்த உதவிக்கு இடமே இல்லாமல் போகிறது. வேலை இழப்பு மானக்கேடு அன்று. அதை மறைப்பதால் இழக்கப்படும் மாதங்களே உண்மையான இழப்பு.

தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஆண்டுவிழாவுக்கு ஒதுக்கும் உழைப்பில் சிறு பங்கை இதற்குத் தர வேண்டும். அரசுப் பணியில் ஏற்கெனவே உள்ள தமிழர்களின் வழிகாட்டுப் பட்டியல், காலாண்டுக்கு ஒரு விண்ணப்பப் பயிற்சி, உரிமைகளும் காலவரைகளும் அடங்கிய தமிழ்க் கையேடு ஆகிய மூன்றும் அதிகச் செலவில்லாதவை. நாட்டுவாரி ஏழு விழுக்காட்டு வரம்பைத் திருத்துமாறு காங்கிரசு உறுப்பினர்களிடம் கோரும்போது, அந்த வரிசை வெறும் அட்டைக்கான காத்திருப்பு அன்று, ஒரு தலைமுறையின் பணிக்காலத்தையே விழுங்கிய காத்திருப்பு என்பதையும் எடுத்துரைக்க வேண்டும். ஆலனில் இன்று நாற்பது வயதில் வரிசையில் நிற்பவர், நாளை ஐம்பதைக் கடந்து அரசு வாசலில் நிற்கும்போது, அவருக்கு முன்பே அந்த வழியில் நடந்தவர்களின் கைத்தடம் அங்கு இருக்க வேண்டும். அதைப் பதிக்கும் பொறுப்பு இன்றைய சமூகத்தினுடையது.