நான்கு குறியீடுகளா எலும்பின் தலையெழுத்து?

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளோடு மரபணுப் பரிசோதனையும் இப்போது சேர்ந்து வருகிறது. அறிக்கையில் வைட்டமின் டி-க்கென்று ஒரு பக்கம். ‘விடிஆர்’ என்ற தலைப்பின் கீழ் ஃபோக், பிஎஸ்எம், ஏபிஏ, டாக் என நான்கு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டிரண்டு எழுத்துகள். ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம். எலும்புத் தேய்மான அபாயம் அதிகம் என்ற வரியைப் படிக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அன்றிரவு தூக்கம் வராது. அந்த அச்சத்தை விதைக்கும் அளவுக்கு அறிவியலில் உறுதி இருக்கிறதா என்றால், இல்லை.

வைட்டமின் டி இரத்தத்தில் ஓடினால் மட்டும் போதாது. செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் வேண்டும். ஏற்பி எனப்படும் அந்தப் புரதம், வைட்டமினோடு சேர்ந்து டிஎன்ஏ-வின் மீது அமர்ந்து, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. 12-ஆவது குரோமோசோமில் இருக்கும் விடிஆர், இந்த ஏற்பியைச் செய்யும் மரபணு.

அறிக்கையில் வரும் நான்கு பெயர்களும் நோய்களின் பெயர்கள் அல்ல. டிஎன்ஏ-வை வெட்டிப் பார்க்க ஆய்வகங்கள் கத்தரிக்கோலாகப் பயன்படுத்திய நொதிகளின் பெயர்கள். எல்லாம் பாக்டீரியாக்களிடமிருந்து வந்தவை. டாக், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுத்த பாக்டீரியாவின் கொடை. அந்த நொதிகள் காட்டிக்கொடுத்த மரபணு மாற்றங்களுக்கும் அதே பெயர்கள். இந்த நான்கு மாற்றங்களில் ஃபோக் மட்டுமே புரதத்தை மாற்றுகிறது. ஓர் எழுத்து மாறியதால் சிலருக்கு ஏற்பி 427 அமினோ அமிலங்களோடும், சிலருக்கு 424-ஓடும் உருவாகிறது. குட்டையானது சற்றுச் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. மற்ற மூன்றும் புரதத்தின் அமினோ அமில வரிசையைத் தொடுவதே இல்லை.

இவ்வளவு சிறிய மாற்றங்களுக்கு இத்தனை பெரிய பெயர் வந்தது 1994-இல். சிட்னியின் கார்வன் நிறுவன ஆய்வாளர்கள், எலும்பு அடர்த்தியில் மரபு வழியாக வரும் வேறுபாட்டில் 75 விழுக்காடு வரை இந்த ஒரே மரபணுவால் விளக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. 1997-இல் அதே இதழில் திருத்தம் வந்தது: ஆய்வில் பங்கேற்ற இரட்டையர்கள் சிலரின் மரபணு வகை தவறாகப் பதிவாகியிருந்தது, சரிசெய்தபோது தொடர்பு வெகுவாக மெலிந்துபோனது. 2006-இல் ஐரோப்பியக் குழு ஒன்று 26,242 பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தது. அந்த நான்கு மாற்றங்களுக்கும் எலும்பு அடர்த்தியோடும் தொடர்பில்லை, எலும்பு முறிவோடும் தொடர்பில்லை.

இந்த முடிவு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. பணம் கொடுத்து வாங்கும் அறிக்கையில் அதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டாமா?

காசநோயிலும் இதே கதைதான். நோய்க்கிருமியோடு போராடும் வெள்ளணுக்களுக்கு வைட்டமின் டி உதவுகிறது என்பதால், சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் உட்படப் பல இடங்களில் விடிஆர் மாற்றங்களை ஆராய்ந்தார்கள். 2011-இல் லண்டனில் நடந்த சோதனையில், வைட்டமின் டி சேர்த்துக் கொடுத்தபோது, டாக் மாற்றத்தின் ஒரு வகை கொண்ட நோயாளிகளுக்கு மட்டும் சளியில் கிருமி விரைவாக மறைந்தது. பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பங்கேற்று 2015-இல் வெளியான இந்தியச் சோதனையில், வைட்டமின் பெற்றவர்களுக்குக் கிருமி மறைய 43 நாள், பெறாதவர்களுக்கு 42 நாள்.

எலும்பைப் பற்றிக் கவலை இருந்தால், அடர்த்தியை நேரடியாக அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. உண்ணும் உணவைக் கேட்டறிவதற்குச் செலவே இல்லை. திருப்பதிப் பகுதியில் நடந்த ஆய்வுகளில், நாளெல்லாம் வெயிலில் உழைக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு நகரவாசிகளைவிட வைட்டமின் டி கூடுதலாக இருந்தது. தட்டில் கால்சியம்தான் குறைவு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. மரபணு அறிக்கைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வீட்டுக்குப் பல மாதத்துக்குக் கேழ்வரகு வாங்கிவிடலாம்.

விடிஆர் பரிசோதனை உயிர்நாடியாக இருக்கும் இடம் வேறு. அரிதாகச் சில குழந்தைகளுக்கு நடக்கத் தொடங்கும் வயதில் கால்கள் வில்லாக வளைகின்றன. அவர்களில் பலருக்குத் தலையில் முடியில்லை, சிலருக்குப் புருவம்கூட இல்லை. வைட்டமின் டி எவ்வளவு கொடுத்தாலும் பெரும்பாலும் எலும்பு தேறுவதில்லை, ஏனென்றால் ஏற்பியே பழுது. இந்த அரிய ரிக்கெட்ஸ் நோய்க்குக் காரணமான பிழைகளை 1988-இல் கண்டறிந்தார்கள். குடலின் வேலையைத் தாண்டி, கால்சியத்தைச் சிரை வழியாகவே மாதக்கணக்கில் ஏற்றினால் எலும்பு நேராகும். முடி மட்டும் பெரும்பாலும் திரும்பாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய் என்பதால், அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். அப்படியொரு குழந்தை வந்து நிற்கும்போது, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்தே இரத்த மாதிரியை அனுப்பி, கட்டணமில்லாமல் முடிவு பெறும் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும்.