பூட்டை இழுத்துப் பார்த்தோமா?

இரவில் கடையைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் வீடு செல்லும் வியாபாரி எம்மில் எவருமில்லை. கடைக்குள் இருக்கும் கணினியை இப்படி இழுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும், "அது பொருத்தித் தந்த தம்பிக்குத்தான் தெரியும்" என்பார்கள்.

கொத்மலைக்கு இணையம் புதிதல்ல. 1990களின் இறுதியிலேயே யுனெஸ்கோ உதவியுடன் கொத்மலை சமூக வானொலிக்கு இணைய வசதி கிடைத்தது. நேயர்கள் கேட்டவற்றைத் தேடியெடுத்து வானொலியில் சொன்னார்கள். அன்று தகவல் உள்ளே வந்தது. இன்று எமது கணக்கு வெளியே போகவும் அதே வழி திறந்திருக்கிறது.

நான் கடைகளுக்குக் கணக்கெழுதுபவன், கணினி நிபுணனல்ல. சென்ற வருடம் இப்பகுதி மொத்த வியாபாரி ஒருவரிடம், "நானா, நீங்கள் பக்கத்தில் இருங்கள், நான் முயன்று பார்க்கிறேன்" என்று அனுமதி கேட்டேன். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையில் எனது கைப்பேசியை இணைத்தேன். தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டிலேயே கெமராப் பெட்டி திறந்தது. பில் போடும் கணினியின் கோப்புகளுக்கு அதுவும் தேவைப்படவில்லை. தோட்டத்துக் குடும்பங்களின் கடன் கணக்கு, தொலைபேசி இலக்கத்துடன் என் கையில். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எம்மை நம்பித் தந்த அமானிதமல்லவா அது?

"சின்னக் கடைக்கு யார் வரப்போகிறார்கள்?" என்றார் நானா. ஆள் வருவதில்லை, இணையத்தில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் மென்பொருள்தான் வருகிறது. அதற்குப் பெரிய கடை, சின்னக் கடை தெரியாது.

பெரிய இடத்துக் கதையையும் பாருங்கள். 2023 ஓகஸ்டில் எமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. காலாவதியான 2013ஆம் ஆண்டு மென்பொருளே அங்கு இயங்கியது. புதுப்பிக்கும் திட்டம் பணமின்மையால் தாமதமானதாகக் கூறப்பட்டது. இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து முடங்கியதால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, காப்புப் பிரதி வைத்திருக்கும் பென் டிரைவ் எங்கே என்று நானாவிடம் கேட்டேன். அது கணினியிலேயே செருகிக் கிடந்தது!

வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எம்மவர்களின் பெரிய தவறு. ஊடுருவல் சோதனை வேறு. திருடனைப் போல் உள்ளே வர ஒருவரை நாமே அழைத்து, எங்கே புகுந்தார் என்று எழுதி வாங்குவது. கணினியைப் பொருத்தியவரே சோதிப்பதில் பயனில்லை; தன் கறியில் உப்பில்லை என்று எந்தச் சமையற்காரர் சொல்வார்? எழுத்து மூல அனுமதியும் அவசியம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றி நுழைவது குற்றமாகும்.

தனிக்கடைக்கு இந்தச் செலவு பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாவலப்பிட்டியிலும் புசல்லாவையிலும் வர்த்தகர் சங்கங்கள் கூடுகின்றன. பத்துப் பதினைந்து கடைகள் சேர்ந்து வருடத்திற்கு ஒரு தடவை ஒருவரை அழைத்தால் தலைக்கு எவ்வளவு வரும்? அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். நானாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.