ஆப்தர் யார்?

அண்மைக் காலமாக நம் இல்லங்களில் ஒரு புதிய பழக்கம் வேரூன்றி வருகிறது. ஏகாதசி என்று, சிராத்த திதி எந்த நாளில், உபவாசத்தன்று சர்க்கரை மாத்திரையை விடலாமா என எந்த ஐயம் எழுந்தாலும், கைப்பேசியில் சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்கிறோம். நொடிப்பொழுதில் இனிய தமிழில் விடை வந்துவிடுகிறது. அதனை அப்படியே ஏற்கலாமா?

அறிவைப் பெறும் வழிகளாகப் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என நான்கினை நியாய சாஸ்திரம் கூறும். இவற்றுள் சப்தம் என்பது யாரோ ஒருவருடைய சொல் அன்று, ஆப்தரின் சொல். ஒன்றை உள்ளவாறு அறிந்து, அறிந்தபடியே பிறருக்கு உரைக்க விழைபவரே ஆப்தர். செயலியோ, ஏராளமான எழுத்துகளைப் பயின்று, ஒரு சொல்லின் பின் எச்சொல் வரத்தக்கது எனக் கணித்து வாக்கியம் அமைப்பது. சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே உறுதியுடன் சொல்லும்.

சனிப்பெயர்ச்சியையே எடுத்துக்கொள்வோம். சனி பகவான் மீன ராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 29.3.2025 அன்று. திருநள்ளாறு ஆலயம் பின்பற்றுவதோ வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி பெயர்ச்சி 2026-இல்தான் என்று ஆலய நிர்வாகமே அறிவிக்க நேர்ந்தது. முந்தைய கும்பப் பெயர்ச்சியும் திருக்கணிதப்படி 2023 ஜனவரியில் நிகழ்ந்தது. திருநள்ளாற்றில் விழா நடந்தது அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று. எந்தப் பஞ்சாங்கம் என்று குறிப்பிடாத விடையை நம்பிப் பயணச்சீட்டு வாங்கியவர், விழா இல்லாத நாளில் அங்கே போய் நின்றிருப்பார்.

ஏகாதசியும் சில மாதங்களில் ஸ்மார்த்தர்களுக்கு ஒரு நாள், வைஷ்ணவர்களுக்கு மறுநாள் என அமையும். சூரிய உதயம் ஊருக்கு ஊர் மாறுவதால், அமெரிக்காவில் வாழும் மகனுக்கு உரிய திதி நாள் சென்னைக்கு உரியதினின்று வேறுபடலாம். சிராத்தமோ ஆண்டுக்கு ஒரு முறை வருவது. நாள் தவறினால் மனம் ஆறாது. நம் குல வழக்கம் அறிந்த குடும்ப வாத்தியாரே இதில் ஆப்தர். மாத்திரை விஷயத்தில், நம் உடல்நிலை அறிந்த மருத்துவரே ஆப்தர்.

செயலியை ஒதுக்க வேண்டும் என்பதன்று. ஸ்தல வரலாறு கேட்கலாம், வழி விசாரிக்கலாம், பொருள் விளங்காத சொல்லுக்கு விளக்கம் பெறலாம். வங்கிக் கணக்கு எண்ணையும் ஓடிபி எண்ணையும் மட்டும் ஒருபோதும் அதில் இடலாகாது. வங்கியில் பெருந்தொகை என்றால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்த்துக் கையொப்பமிட்டு ஒப்புதல் தருவது வழக்கம். செயலியின் விடைக்கும் அந்த இரண்டாம் கையொப்பம் வேண்டும்.

அடுத்த ஏகாதசிக்கு நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தைப் பேரன் பேத்தி கையில் கொடுத்து, திதியையும் நாழிகையையும் வாசிக்கச் சொல்லுங்கள். பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கம் நம்மோடு நின்றுவிடாமல் அவர்களுக்கும் வந்து சேரும்.