திசை திரும்பும் அலைகள்

ஆற்றுநீரின் கலங்கல் கண்டே மேலே மழை பெய்ததெனக் கரடியனாற்று உழவன் அறிவான். ஏறத்தாழ இவ்வழியிலேயே இன்றைய வானியலாரும் காணாத தொலைவை ஆராய்கின்றனர்.

2007 ஆம் ஆண்டில் முதன்முதல் அறிவிக்கப்பட்ட விரைவு வானொலி வெடிப்புகள் மில்லி செக்கன் கணக்கிலேயே நிலைப்பவை. பல ஒருமுறை தோன்றி மறைவன. சில மீண்டும் மீண்டும் தோன்றுவன. முனைவாக்கம் பெற்ற அலை, காந்தப்புலமும் இலத்திரன்களும் நிறைந்த வெளியைக் கடக்கையில் அதன் அதிர்வுத்தளம் சுழல்கின்றது. அச்சுழற்சியே அலை வந்த வழிக்குச் சாட்சி. ஒருமுறை மறைவது ஒரே சாட்சியம். மீள்வதையோ மறுபடியும் விசாரிக்கலாம்.

20190520பீ என்னும் மூலத்தை அவ்வாறு விசாரித்த ரேஷ்மா அன்னா தோமஸ் குழுவினர், சுழற்சியின் திசை இருமுறை மாறியதை 2023இல் வெளியிட்டனர். காந்தப்புலமே திசை திரும்பியதென்பது இதன் பொருள். துணை விண்மீனொன்றின் காற்று காரணமாகலாம் என்பர்; முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

பூனாவுக்கு வடக்கே கோடாட்டை மையமாகக் கொண்ட 30 தொலைகாட்டிகளும் 2020இல் வேறொரு மூலத்தின் 15 வெடிப்புகளைப் பதிந்தன. தாழ்ந்த அதிர்வெண்ணைக் கேட்கும் அக்கருவிகளில் சிறு சுழற்சியும் பெரிதாகத் தெரியும். ஆதலின் புதியன தேடுவதோடு அமையாது, கண்டவற்றையே பல்லாண்டு கவனிப்பதற்கும் கருவியின் நேரத்தை ஒதுக்குதல் வேண்டும். பொறுமையின்றி இப்புதிர் அவிழாது.